காட்டில் சாய்ந்திருக்கும் பழுப்புக் கோட்டுக்காரர்

புரூக் பூத்பி என்ற ஆங்கிலக் கனவானின் உருவப்படத்தில் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்புறம் புத்தகத்தை. என் தொழில் தையல் என்பதால் என் கண் நேராகக் கைப்பட்டிக்குப் போனது. மணிக்கட்டில் பட்டன் போடவில்லை. கோட்டுக் கையின் வாய் திறந்து கிடக்கிறது, உள்ளே இருக்கும் வெள்ளைச் சட்டை வெளியே தெரிகிறது. இவ்வளவு நல்ல கோட்டைத் தைத்துப் போட்டுக்கொண்ட மனிதர் கைப்பட்டனை மறந்திருக்க மாட்டார். அது வேண்டுமென்றே விடப்பட்டது. ஏன் என்று யோசிக்கத் தொடங்கியதில் இருந்து இந்தப் படம் என்னை விடவே இல்லை.

1781-ல் ஜோசப் ரைட் வரைந்த எண்ணெய் ஓவியம் இது. லண்டனில் டேட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. ஒன்றரை மீட்டர் உயரம், இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் அகலம், அதனால் ஆள் ஏறக்குறைய நிஜ அளவிலேயே இருக்கிறார். காட்டுக்குள் தரையில் நீட்டிப் படுத்து, தலையை ஒரு கையில் தாங்கியிருக்கிறார். இன்னொரு கை ஒரு புத்தகத்தின் மேல். புத்தகத்தின் முதுகில் ஒரே ஒரு பெயர்: ரூசோ. தலையில் அகன்ற விளிம்புள்ள கருப்புத் தொப்பி. கண் நம்மைப் பார்க்கிறது, ஆனால் நம்மிடம் பேச வரவில்லை. அப்போது அவருக்கு 37 வயது. படத்தில் அதைவிட இளையவராகத்தான் தெரிகிறார். 'சர்' பட்டமும் இன்னும் வரவில்லை. அப்பா இறந்து அது கைக்கு வந்தது 1789-ல்.

உடுப்புக்கு வருகிறேன். கோட்டு, உள்ளே போடும் வெயிஸ்ட்கோட்டு, முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, மூன்றும் ஒரே பழுப்பு நிறம். காய்ந்த இலையின் பழுப்பு. ஒரு ஜரிகை இல்லை, ஒரு பூவேலை இல்லை. இதில் என்ன நாகரிகம் என்று இன்றைக்குத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்துப் பணக்கார ஆண் அரசவைக்குப் போவதென்றால் பட்டில் கோட்டு, முன்பக்கம் முழுக்கப் பூத்தையல், கைப்பட்டி அகலமாக மடித்து அதிலும் வேலைப்பாடு. அதற்கு எதிர்ப்பக்கத்தில் இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கனவான்கள் குதிரை ஏறவும் வயலைச் சுற்றிவரவும் போட்ட கம்பளிக் கோட்டு ஒன்று இருந்தது. கழுத்தில் மடிந்து விழும் காலர், ஒடுக்கமான கை, வெற்றுத் துணி. 1780-களில் அதுதான் புது மோஸ்தர். பாரிஸ்காரர்களே பட்டை ஒதுக்கிவிட்டு ஆங்கிலேயர் மாதிரி உடுத்த ஆசைப்பட்ட நேரம் அது. ஆகவே பூத்பி எளிமையாக உடுத்தியிருக்கிறார் என்பதும் உண்மை, தன் காலத்துக்கு முன்னால் நிற்கிறார் என்பதும் உண்மை.

வெற்றுத் துணியில் தைப்பதுதான் கஷ்டம். தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். ஜரிகையும் எம்பிராய்டரியும் இருந்தால் கண் அங்கே போய்விடும், தையலில் சின்னக் கோணல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஒரே நிறக் கம்பளியில் தோள் ஒரு நூல் தப்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும். பணம் எல்லாம் துணியின் தரத்திலும் வெட்டிலும்தான் போயிருக்கும். அந்தக் காலத்து நல்ல கம்பளித் துணியை நெய்த பிறகு நீரில் போட்டு அடித்து அடித்துச் சுருக்குவார்கள். இழை இழையோடு ஒட்டி, நெய்த தடமே மறைந்துவிடும். அப்படிப்பட்ட துணியை வெட்டினால் ஓரத்தில் பிசிறு வராது. மடித்து அடிக்காமல் வெட்டின ஓரத்தை அப்படியே விட்டுவிடலாம். 18-ஆம் நூற்றாண்டுக் கோட்டுகளில் அப்படி விட்டிருப்பார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் ஒன்றைப் பார்த்து நான் அசந்து நின்றிருக்கிறேன். கத்தரி பட்ட விளிம்பு இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் நூல் பிரியாமல் இருந்தது.

இன்னொன்று. அன்றைக்கு இஞ்ச் டேப்பு கிடையாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நீளமான காகிதப் பட்டை வைத்திருப்பார்கள். மார்புக்கு ஒரு வெட்டு, கை நீளத்துக்கு ஒரு வெட்டு என்று அதிலேயே கத்தரியால் அடையாளம் போட்டு, பெயரை எழுதிக் கடையில் மாட்டிவிடுவார்கள். தையல் மிஷினும் இல்லை, காஜா உட்பட எல்லாம் கையால்தான். கையை இரண்டு துண்டாக வெட்டி முழங்கையில் வளைவு கொடுப்பார்கள். கை பொருத்தும் வளைவான ஆர்ம்ஹோலைப் பின்னால் தள்ளி, முதுகை ஒடுக்கி வெட்டுவார்கள். போட்டவுடன் தோள் தானாகப் பின்னால் போய் நெஞ்சு நிமிரும். நிமிர்ந்து நிற்கவும் குதிரையில் உட்காரவும் வெட்டின உடுப்பு அது. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் தரையில் படுத்து முழங்கையை ஊன்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அக்குளில் பிடிக்கும், வயிற்றில் துணி ஏறும், மணிக்கட்டில் கை இறுக்கும். கைப்பட்டனைக் கழற்றினால் கொஞ்சம் ஆசுவாசம். பூத்பியின் திறந்த கைப்பட்டிக்கு முதல் காரணம் உடம்புதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அது மட்டும் இல்லை.

அதற்கு ரூசோவிடம் போக வேண்டும்.

பிரெஞ்சில் எழுதிய தத்துவவாதி ழான் ழாக் ரூசோ எழுத்தில் மட்டும் புரட்சி செய்தவர் அல்லர், உடுப்பிலும் செய்தவர். பாரிஸில் பெயர் வந்துகொண்டிருந்த நேரத்தில், ஜரிகையையும் வெள்ளைக் காலுறையையும் விட்டார், இடுப்புவாளைக் கழற்றி வைத்தார், கைக்கடிகாரம் வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் பையில் வைத்திருந்த கடிகாரத்தை விற்றார். இனி நேரம் பார்க்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டதாக அவரே தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். நல்ல லினன் சட்டைகளை மட்டும் அவரால் விட முடியவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மாடியில் உலரப் போட்டிருந்த சட்டைகளை யாரோ திருடிக்கொண்டு போனார்கள். 42 சட்டைகள். அத்தோடு அந்த ஆசையும் விட்டது என்கிறார். பிறகு ஆர்மீனியர்கள் போடும் நீண்ட அங்கியும் மென்மயிர்த் தொப்பியும் போட ஆரம்பித்தார். சிறுநீர்க் கோளாறு இருந்த அவருக்கு இறுக்கமான கால்சட்டையைவிட அங்கி சௌகரியம். 1766-ல் ஆலன் ராம்ஸே வரைந்த படத்தில் அந்த உடுப்பில்தான் இருக்கிறார்.

அந்த வருஷம்தான் ரூசோ இங்கிலாந்துக்கு வந்தார். பிரான்ஸிலும் ஜெனீவாவிலும் அவர் புத்தகங்களுக்குத் தடை, கைதாணை. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம் அழைத்து வந்தார், பின்னால் இருவருக்கும் பெரிய சண்டை. ரூசோ தங்கியது ஸ்டாஃபோர்டுஷயரில் உட்டன் என்ற சிற்றூரில், ஒரு கனவான் கொடுத்த வீட்டில். காட்டில் அலைந்து செடி சேகரிப்பதுதான் அங்கே அவருக்கு வேலை. பூத்பி குடும்பத்தின் ஊரான ஆஷ்போர்ன் அங்கிருந்து சில மைல்தான். பூத்பிக்கு அப்போது 22 வயது. ஆர்மீனிய அங்கியில் ஒரு ஞானி பக்கத்து ஊர்க் காட்டில் செடி பறிக்கிறார் என்றால் அந்த வயதில் யார்தான் சும்மா இருப்பார்கள்!

பத்து வருஷம் கழித்து, 1776-ல் பாரிஸில் நடந்ததுதான் முக்கியம். தனக்கு எதிராக எல்லோரும் சேர்ந்து சதி செய்வதாக ரூசோ நம்பிய காலம் அது. தன்னைத் தானே நியாயம் விசாரிப்பது போல உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதி முடித்திருந்தார். மனிதர்கள் கையில் கொடுத்தால் அழித்துவிடுவார்கள் என்று பயந்து, நோத்ர்தாம் பேராலயத்தின் பலிபீடத்தில் அதை வைத்துவிடலாம் என்று பிப்ரவரியில் ஒரு நாள் எடுத்துக்கொண்டு போனார். உள்ளே போனால் கிராதிக் கதவு பூட்டியிருக்கிறது. கடவுளே தன்னைக் கைவிட்டார் என்று கலங்கிப்போய்த் திரும்பினார். அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு பார்க்க வந்த இளம் ஆங்கிலேயர் கையில் முதல் உரையாடலின் பிரதியைக் கொடுத்தார். அந்த ஆங்கிலேயர்தான் பூத்பி. 1778-ல் ரூசோ இறந்தார். 1780-ல் பூத்பி தன் பக்கத்து நகரமான லிச்ஃபீல்டில் அதை அச்சிட்டு வெளியிட்டார். அடுத்த வருஷம் ரைட்டின் முன்னால் படுத்தார்.

யாரையும் நம்பாத ஒரு மனிதர் தன்னை நம்பி ஒப்படைத்ததைப் பத்திரமாக வைத்திருந்து வெளியிட்ட ஆள் இவர். புத்தக முதுகில் ரூசோ பெயர் இருப்பதை அலங்காரம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

என் மகளுக்கு இதில் சம்மதமில்லை. கல்லூரியில் படிக்கிறாள், இந்தப் படத்தை நான்தான் காட்டினேன். "அப்பா, இவர் சும்மா போஸ் கொடுக்கிறார். வேலை வெட்டி இல்லாத பணக்காரர் காட்டில் படுத்துக்கிட்டு சோகமா முகத்தை வச்சிருக்கார்" என்றாள்.

"போஸ் கொடுக்காமல் படம் எப்படிம்மா வரைவது?" என்றேன்.

"அது இல்லப்பா. சோகமே ஒரு ஃபேஷன்தானே அப்போ?"

அவள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. காட்டில் ஒருக்களித்துச் சாய்ந்த சிந்தனையாளர் என்ற உருவம் ரைட் கண்டுபிடித்தது இல்லை. அதற்கு 160 வருஷத்துக்கு முன்பே ஐசக் ஆலிவர், செர்பரியின் ஹெர்பர்ட் பிரபுவை இப்படியே காட்டில் சாய வைத்து, கன்னத்தில் கை வைத்து, ஒரு சின்ன ஓவியம் வரைந்திருக்கிறார். அங்கேயும் சோகம், அங்கேயும் நல்ல உடுப்பு. ஆலிவரின் ஆளோ போர்வீரன், பக்கத்தில் கேடயம் இருக்கிறது. பூத்பி அந்த இடத்தில் புத்தகத்தை வைத்திருக்கிறார்.

ஆனால் ஃபேஷன் என்றால் பொய் என்று அவள் முடிவு கட்டியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பது வருஷமாக ஆட்களுக்கு அளவெடுப்பவன் நான். ஒருவர் என்ன துணி கேட்கிறார், எவ்வளவு பிடிப்பாகக் கேட்கிறார், எந்தப் பட்டனைத் திறந்துவிடுகிறார் என்பதில் அவர் தன்னை எப்படி வைத்துக்கொள்ள நினைக்கிறார் என்பது தெரியும். ஆசைப்படுகிற மாதிரி ஆவதற்கு மனிதர்கள் முதலில் உடுப்பைத்தான் மாற்றுகிறார்கள். ரூசோ ஜரிகையைக் கழற்றினார். பூத்பியால் அங்கி போட முடியாது, அவர் ஒரு பெரிய குடும்பத்தின் மூத்த மகன். அவரால் முடிந்தது பழுப்புக் கம்பளி, கழற்றின கைப்பட்டன், நாற்காலிக்குப் பதில் தரை. நிலத்துக்குச் சொந்தக்காரரான ஒருவர் தன் உருவப்படத்தில் மாளிகையையும் குதிரையையும் காட்டாமல் மண்ணில் படுத்திருப்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை.

காடும் அவருக்கு வெறும் பின்திரை கிடையாது. லிச்ஃபீல்டில் மருத்துவர் ஈராஸ்மஸ் டார்வினோடு (பின்னால் வந்த சார்லஸ் டார்வினின் தாத்தா) சேர்ந்து ஒரு தாவரவியல் சங்கம் நடத்தினார் பூத்பி. மொத்தம் மூன்றே பேர். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் லத்தீன் தாவர நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது அந்தச் சங்கம். செடிகளுக்குப் பெயர் தெரிந்த மனிதர் செடிகளுக்கு நடுவே படுத்திருக்கிறார்.

ரைட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1734-ல் டெர்பியில் பிறந்து, 1797-ல் அதே ஊரில் இறந்தவர். மெழுகுவத்தி வெளிச்சத்தில் சூழ்ந்து நின்று அறிவியல் பரிசோதனையைப் பார்க்கும் கூட்டத்தை வரைந்து பெயர் வாங்கியவர். காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் குடுவைக்குள் துடிக்கும் பறவை, அதைப் பார்க்க மாட்டாமல் முகத்தை மூடும் சிறுமி, அந்த 1768-ஆம் வருஷத்துப் படம் பலருக்கும் தெரிந்திருக்கும். பாத் நகரத்துக்குப் போய்ப் பணக்காரர்களை வரைந்து சம்பாதிக்கப் பார்த்தார், அங்கே எடுபடவில்லை, ஊருக்கே திரும்பிவிட்டார். ஆஸ்துமா, அடிக்கடி மனச்சோர்வு. அன்றைய லண்டன் ஓவியர்கள் பலர் முகத்தை மட்டும் தாங்கள் வரைந்துவிட்டு, உடுப்பை வரைய வேறு ஆள் வைத்திருந்தார்கள். ரைட்டின் குருவான தாமஸ் ஹட்ஸனும் அப்படித்தான். அப்படிப்பட்ட படங்களில் துணி அழகாக இருக்கும், ஆனால் உள்ளே உடம்பு இருக்காது. பூத்பியின் கோட்டில் உடம்பு இருக்கிறது. ஊன்றிய முழங்கையின் பாரம் மடிப்புகளில் தெரிகிறது. கம்பளி எங்கே தடிமனாக நிற்கும், எங்கே தொய்யும் என்று தெரிந்த கை வரைந்தது. டெர்பி அருங்காட்சியகத்தில்தான் உலகத்திலேயே ரைட்டின் படங்கள் அதிகம் இருக்கின்றன. இந்த ஊரில் பிழைக்க வந்த எனக்கு அது கிடைத்தது பெரிய பாக்கியம்.

மகளோடு நடந்த வாதத்துக்கு என் உண்மையான பதில் ஆஷ்போர்னில் இருக்கிறது.

பூத்பி 1784-ல் சூசன்னா பிரிஸ்டோவை மணந்தார். மறு வருஷம் ஏப்ரல் 11-ல் பெனலோப்பி பிறந்தாள். ஒரே குழந்தை. மூன்று வயதில் அவளை ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்திருக்கிறார், தலைக்குப் பொருந்தாத பெரிய வெள்ளைத் தொப்பியோடு. 1791 மார்ச் 13-ல், ஆறு வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், இறந்துபோனாள்.

ஆஷ்போர்னில் செயின்ட் ஆஸ்வால்ட் தேவாலயத்தில் அவளுடைய பளிங்குச் சிலை இருக்கிறது. செய்தவர் தாமஸ் பேங்க்ஸ். மெத்தைமேல் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கும் குழந்தை. இரண்டு கைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்திருக்கிறாள், கால் வெறுங்கால். கவுன் மெல்லிய துணி, இடுப்பில் அகலமான பட்டைத் துணி. முழங்காலை மடக்கிய இடத்தில் துணி இழுபட்டு, பின்னால் சேர்ந்து குவிந்திருக்கிறது. நிற்கும்போது தைத்துப் பார்த்த கவுன் தூங்கும்போது இப்படித்தான் ஏறிக்கொள்ளும். கல்லில் அதைச் செதுக்கியிருக்கிறார். 1793-ல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது ராணி ஷார்லட் பார்த்து அழுதார் என்று சொல்வார்கள். அழுதிருப்பார், நம்புகிறேன். பதினைந்து பிள்ளை பெற்றவர், அதில் இரண்டைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர்.

பீடத்தில் நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது. ஆங்கிலம், லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியன். ஒரு மொழியில் சொல்லித் தீரவில்லை போல. ஆங்கிலத்தில் இருப்பதன் சாரம் இது: பெற்றவர்கள் தங்களிடம் இருந்த எல்லாவற்றையும் இந்தச் சின்னப் படகில் ஏற்றினார்கள், படகு முழுவதுமாக மூழ்கிப்போனது.

நிஜத்திலும் எல்லாம் மூழ்கியது. கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். சொத்து கரைந்தது. ஃபியூஸெலி என்ற ஓவியரிடம், குழந்தையை வானத்துக்கு ஏந்திச் செல்லும் தேவதையின் படத்தை வரைய வைத்தார் பூத்பி. 1796-ல் அவள் நினைவாக ஒரு கவிதைத் தொகுப்பு போட்டார். கடைசிக் காலத்தில் வெளிநாட்டில் சிக்கனமாக வாழ்ந்து, 1824-ல் பிரான்ஸில் பூலோன் என்ற துறைமுக ஊரில் இறந்தார். ஏறக்குறைய எண்பது வயது.

1781-ல் படத்தில் சோகமாகத் தெரியும் மனிதருக்கு வரப்போவது எதுவும் தெரியாது. ஆகவே அந்த முகத்தில் பெனலோப்பியைத் தேடக் கூடாது, அது படத்துக்கு நியாயம் செய்வதாகாது. நான் சொல்ல வருவது வேறு. மென்மையாக உணர்வதைத் தன் அடையாளமாக உடுத்திக்கொண்டவர், பத்து வருஷம் கழித்து அந்த உணர்வு நிஜமாகத் தாக்கியபோது அதை மறைக்கவில்லை. கௌரவத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடவில்லை. ஒரு பெண் குழந்தையின் சாவுக்கு, அதுவும் குழந்தைகள் சாவது அன்றாடமாக இருந்த ஒரு நூற்றாண்டில், கல்லிலும் கவிதையிலும் நான்கு மொழிகளிலும் அழுதார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. குழந்தைப் பருவம் என்பது பெரியவர்களாவதற்கான காத்திருப்பு அல்ல, அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் ரூசோதான்.

மகளை ஆஷ்போர்னுக்கு அழைத்துப்போனேன். சிலையைச் சுற்றி வந்தாள், எழுத்தைப் படித்தாள். பேருந்தில் திரும்பி வரும்போது, "சரிப்பா, போஸ்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா தரையில படுக்கிறதுக்கு அந்தக் கோட்டு வேண்டாம்" என்றாள். அதில் எனக்கும் மறுப்பில்லை. முழங்கை தேய்ந்தால் ஒட்டுப் போடுவதற்கு அதே சாயத்தில் துணி கிடைப்பது அன்றைக்கும் லேசாக இருந்திருக்காது.